மருமகளும் மீட்டரும் வந்த வாரம்

உங்கள் வீட்டில் பால் திரிந்துபோனால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? பாத்திரத்தையா, ஃப்ரிட்ஜையா, புதிதாக வந்த மருமகளின் முகத்தையா? எகிப்தின் மஹல்லா நகரில், எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அந்த முகம் விஜ்தானுடையது. வாய்க்கால் கரைக் கிராமத்துப் பெண், இருபத்திரண்டு வயது. கல்யாணத்துக்கு முன் தையல் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தாள், ஒரு நாளைக்கு நானூறு காலர். எதைக் கேட்டாலும் பதிலுக்கு முன் சிரிப்புதான் வரும். எதிர்வீட்டுக்காரியான எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. அவள் மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

மாமியாரை எல்லோரும் மகன் பெயரால் உம் ஷஹ்ஹாத் என்றுதான் கூப்பிடுவார்கள். உம் என்றால் அம்மா, ஷஹ்ஹாத் என்றால் பிச்சைக்காரன். முதல் இரண்டு ஆண்குழந்தைகளும் தொட்டிலிலேயே போய்விட, மூன்றாவதின் மேல் எவர் கண்ணும் விழக்கூடாதென்று அவள் வைத்த பெயர் அது. மகனுக்கு முப்பது வயதாகிவிட்டது, நூலாலையில் காலை ஷிப்ட் போகிறான், அவளுக்கு மட்டும் இன்னும் பயம் விடவில்லை. வீட்டில் எது கெட்டாலும் அதன் பின்னால் ஒரு கண் இருந்தாக வேண்டும்.

விஜ்தான் வந்த அதே வாரம் கட்டடத்துக்குப் புது மீட்டர்களும் வந்தன. முன்பணம் கட்டி அட்டையைச் செருகினால்தான் கரண்டு. மாதத்தில் இத்தனை யூனிட் தாண்டினால் மீதி எல்லாவற்றுக்கும் விலை எகிறும். படிக்கட்டில் பெண்களுக்கு வேறு பேச்சே இல்லை.

"இது மீட்டரா, மலைப்பாம்பா? நேத்துதான் அட்டை போட்டேன், அதுக்குள்ள முழுங்கிடுச்சு."

"எங்க வீட்ல பல்பக்கூட போடல. இவரு மொகத்தப் பாக்காம இருக்கறதும் ஒரு நிம்மதிதான்."

கோடை வந்தது. அரசாங்கம் வேறு தினமும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் கரண்டை நிறுத்தியது. அப்போதுதான் மூன்றாவது மாடியில் பால் திரிய ஆரம்பித்தது. காலையில் எருமைப்பாலை வாங்கி, காய்ச்சி, ஆற்றி, ஃப்ரிட்ஜில் வைப்பாள் விஜ்தான். மாலை டீயில் ஊற்றினால் வெள்ளை வெள்ளையாகப் பிரியும்.

முதலில் மாட்டிக்கொண்டவர் பால்காரர் பய்யூமி.

"என்னய்யா ஊத்துற, பாலா, சோடா உப்பா?" என்று மாடியிலிருந்து கத்தினாள் உம் ஷஹ்ஹாத்.

"எதிர்வீட்டுக்கும் அதே கேன்தாம்மா! அங்க திரியல, இங்க மட்டும் திரியுதுன்னா என் எருமை என்ன பண்ணும்? வேணும்னா கூட்டிட்டு வரேன், நீங்களே கேட்டுக்குங்க!"

எல்லோரும் சிரித்தோம். பய்யூமி கேட்டது சரியான கேள்வி. ஒரே பால், ஒரே கோடை, ஒரே மின்வெட்டு. என் வீட்டில் திரியாத பால் அங்கே ஏன் திரிகிறது? நான் நின்று யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. உம் ஷஹ்ஹாத் யோசித்தாள், பதிலும் கண்டுபிடித்தாள்.

"இவ வர்றதுக்கு முன்னாடி என் வீட்ல ஒரு நாள் பால் திரிஞ்சிருக்கா? சொல்லுங்க!"

திரிந்ததில்லைதான். மருமகளும் மீட்டரும் ஒரே வாரத்தில் வந்தார்கள். மீட்டரை யாரும் சந்தேகிக்கவில்லை.

கோடை முடியப்போகும் நேரம், விஜ்தானுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. "அத்த, ஃப்ரிட்ஜுக்கு அடியில தண்ணி நிக்குது, பகல்ல சத்தமும் வரல" என்று அவள் சொல்வதை என் காதால் கேட்டேன்.

"உன்னப் பாத்தா அதுக்கும் அழுகை வராதா? வாயும் அடைச்சுப் போச்சு, பாவம்."

ஷஹ்ஹாத் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தட்டிலிருந்த அவரையை ரொட்டியால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

அடுத்த கோடையின் தொடக்கத்தில், விஜ்தானுக்குப் பெண் குழந்தை பிறந்து ஏழாம் நாள், வீடு நிறைய உறவினர் இருந்தார்கள். உம் ஷஹ்ஹாத் கரித்தணலில் படிகாரக் கட்டியைப் போட்டாள். படிகாரம் உருகிப் பொங்கி உறையும்போது, கண் வைத்தவரின் முகமாக உறையும் என்பது நம்பிக்கை. உருகிய எதுவும் ஏதோ ஒரு வடிவில் உறைந்துதான் ஆக வேண்டும், யாரைத் தேடுகிறோமோ அவர் அதில் தெரிவார். அவள் அந்த வெள்ளைக் கட்டியை இடுக்கியால் தூக்கிக் காட்டினாள்.

"மூக்கப் பாருங்க. இது யாரு மூக்கு?"

எல்லார் தலையும் விஜ்தான் பக்கம் திரும்பியது. அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். உம் ஷஹ்ஹாத் வந்து குழந்தையை மார்பிலிருந்து பிரித்து எடுத்தாள்.

"காய்ச்சின பாலே இவ கை பட்டா திரியுது. இவ ஒடம்புல ஊறுற பால் என் பேத்திக்கு வேணாம்."

"அத்த, அவ நல்லாத்தான் குடிக்கிறா... எடை கூடியிருக்குன்னு நர்ஸ் சொன்னாங்க..."

"நர்ஸுக்கு என்ன தெரியும்?"

அன்றே மாவுப்பால் டின்கள் வந்தன. கலக்கிய பாலை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாங்கும் என்று டின்னில் எழுதியிருந்தது. உம் ஷஹ்ஹாத் அதை அப்படியே கடைப்பிடித்தாள். காலையில் ஐந்து புட்டி கலக்கி வரிசையாக அடுக்கி வைத்தாள். மூன்றாவது வாரம் குழந்தை தஸ்னீமுக்கு வயிற்றுப்போக்கு. விஜ்தான் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிப்போன மார்பைச் சுவரோரம் பீய்ச்சிவிட்டு வந்தாள். "வீணாப் போகுதுக்கா" என்று என்னிடம் சொன்னாள், சிரிக்காமல்.

அந்த வாரம் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு, என் அட்டையைச் செருகக் கீழ்த்தள மீட்டர் பலகைக்குப் போனேன். மின்வெட்டு இல்லாத நேரம். உம் ஷஹ்ஹாத் வீட்டு மீட்டருக்குக் கீழே நான்கு சுவிட்சுகள். மூன்று மேலே இருந்தன. 'சமையலறை' என்று பென்சிலால் எழுதியிருந்த நான்காவது கீழே இருந்தது.

அதை மேலே தள்ளினேன். மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து வந்தவனைப் படிக்கட்டிலேயே மறித்தேன்.

"ஷஹ்ஹாத், ஃப்ரிட்ஜ் லைன யாரு அணைச்சது?"

அவன் முகம் வெளுத்தது. "மெதுவாப் பேசுங்கக்கா. மாசக் கடைசி பத்து நாள்தான். வேலைக்குப் போறப்ப அணைப்பேன், வந்து போடுவேன். யூனிட் தாண்டக் கூடாதுன்னு அம்மாதான் உயிர எடுப்பாங்க. ஃப்ரிட்ஜ் உள்ள பல்பக்கூட கழட்டிட்டேன்."

"ஒன்பது மணி நேரம்டா! இந்த வெயில்ல! உன் பெண்டாட்டிய அங்க சூனியக்காரிங்கறாங்க, நீ அவரைய வழிச்சுத் தின்னுட்டு இருக்கே?"

"தெரியும்க்கா... முதல்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்பறம் பேச்சு பெருசாயிடுச்சு. இப்ப சொன்னா எல்லாரும் என்னக் காறித் துப்புவாங்க. நாலு நாள் குடுங்க, நானே சொல்றேன். சுவிட்ச இனிமே தொட மாட்டேன்."

கொடுத்தேன். அது என் தவறு, இதில் எனக்கு எந்தச் சமாதானமும் இல்லை. இரண்டு நாள் சுவிட்ச் மேலே இருந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன், கீழே இருந்தது. நான் மாடியேறி வருவதற்குள் விஜ்தான் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கி ஓடினாள். தஸ்னீமின் கண்கள் உள்ளே போயிருந்தன. உச்சந்தலை குழிந்திருந்தது.

அன்று மாலை அந்த வீட்டு வாசலில் நின்று, படிக்கட்டு முழுக்கக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். உம் ஷஹ்ஹாத் மகனைப் பார்த்தாள்.

"நெசமாடா?"

"ஒண்ணு ரெண்டு தடவ... கரண்டு தானா போயிருக்கும்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? அப்படியே அவன் அணைச்சிருந்தாலும், யாரு கண்ணு அவன் கைய அங்க கொண்டுபோச்சு?"

பின்னால் நின்ற இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள்.

குழந்தை பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. மறுபடி மார்பில் போடச் சொன்னார் டாக்டர். விஜ்தான் போட்டாள். பால் வற்றியிருந்தது. குழந்தை இழுத்து இழுத்து அலறியது, அவள் மடியில் கண்ணீர் சொட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு மாதத்தில் விவாகரத்துக் காகிதம் வந்தது. அந்தக் கிராமத்துக்கும் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. போன மாதம் பார்க்கப் போனேன். அவள் குழந்தையோடு தெருவில் வரும்போது, பால் கறந்துகொண்டிருந்த ஒருத்தி முக்காட்டு நுனியால் வாளியை மூடினாள். விஜ்தான் அதைப் பார்க்காதவள் போல நடந்தாள்.

இங்கே மூன்றாவது மாடியில் இப்போது பால் திரிவதில்லை. ஷஹ்ஹாத் அந்தச் சுவிட்சைத் தொடுவதில்லை. உம் ஷஹ்ஹாத் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் டம்ளரை நீட்டிக் காட்டுகிறாள்.

"பாத்தீங்களா? அவ போனா, பால் திரியாம நிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மகன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாலில்தான் டீ குடிக்கிறான். அவனுக்கு அடுத்த பெண் பார்க்கிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களே, உங்கள் படிக்கட்டிலும் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணைத்தவன் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், அவன் உங்களிடம் நாலு நாள் கேட்பான். கொடுக்காதீர்கள். இப்போதே எழுந்து போய் அந்தக் கதவைத் தட்டுங்கள், அந்தப் பெண்ணின் காதில் விழும்படி, எல்லார் முன்னிலையிலும் சொல்லுங்கள்.