உயிரோடிருப்பவளுக்கு ஒரு பாத்திஹா

மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் வியாபாரம் பண்ணுகிற ஷௌகத் அலியின் வீட்டில் பேய் இருக்கிறது என்று முதலில் சொன்னவள் வேலைக்கு வந்த கமலாக்ஷி. மச்சுப் படியில் யாரோ ரெண்டு ரெண்டு படியாகத் தாவி ஏறுகிறார்கள், போய்ப் பார்த்தால் ஆளைக் காணோம் என்றாள். மறுநாளிலிருந்து அவளையும் காணோம். "எலி, பெரிய எலி" என்று சொல்லிவிட்டு ஷௌகத் அலி கடைக்குப் போய்விட்டார். அவர் மனைவி ஜலீலாவுக்கு அது எலி என்று தோன்றவில்லை. எலி எங்கேயாவது ரெண்டு ரெண்டு படியாய்த் தாவுமா? அப்படி ஏறுகிற காலை அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்குத் தெரியாதா என்ன!

அது அவள் பிள்ளை ஷிஹாபின் காலடி. ஆனால் ஷிஹாப் சாகவே இல்லை. அதுதான் கூத்து.

ஜலீலாவுக்கு ஒரே பிள்ளை. மகன் என்று பெயரிட்டு மகன் என்றே வளர்த்தார்கள். காலேஜ் முடித்த வருஷம், பெருநாள் கழிந்த ஒரு காலையில், அந்தப் பிள்ளை அம்மாவையும் அத்தாவையும் உட்காரவைத்து, "நான் ஆம்பளைப் புள்ளை இல்லை. சின்னதிலேயிருந்தே இல்லை. என் பேரு நிஸா" என்று சொல்லிவிட்டது. ஷௌகத் அலி கத்தவில்லை, கை ஓங்கவில்லை. வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளை போயிற்று. பஜாரில் விசாரித்தவர்களிடம், மகன் வளைகுடாவில் மௌத்தாகிவிட்டான் என்றார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! வருஷா வருஷம் அதே நாளில் ஆண்டு பாத்திஹா வைத்தார். விஷயம் தெரியாத, ஓதுகிற உஸ்தாத் ஒருவரைப் பாலக்காட்டிலிருந்து வரவழைத்தார்.

இறந்தவர்களுக்குப் பிடித்ததை ஆக்கி வைத்து, சாம்பிராணி போட்டு, பேர் சொல்லி ஓதுவது அந்த வீட்டு வழக்கம். மாமனாருக்கு நெய்ச்சோறு. ஷிஹாபுக்குக் கப்பைக்கிழங்கும் மத்தி மீன் கறியும். களமசேரியில் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டு, நல்லபடியாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, செத்தவர்களோடு சேர்த்துச் சட்டி வைத்தாள் ஜலீலா. புருஷனுக்குப் பயந்தாள், ஊர் வாய்க்குப் பயந்தாள். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல இருந்துவிட்டாள். முதல் பாத்திஹா ஓதி முடித்த மறுநாள்தான் படியில் சத்தம் ஆரம்பித்தது.

இந்த வருஷத்து பாத்திஹாவுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அவள் அண்ணன் மகள், நிஸாவோடு பழக்கம் விடாத அன்ஸியா வந்தாள். பையிலிருந்து ஒரு மலையாள நாவலை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள்.

"நிஸா தந்தா மாமி. அம்மா படிக்கட்டும்னா."

"என்ன கதைடி?"

"சூப்பர்ஹீரோ கதை. பறக்கறது, அடிக்கறது எல்லாம் உண்டு. ஸ்கூல் புள்ளைங்க படிப்பாங்க."

"நல்லாயிருக்கு! முட்டி வலியில படி ஏற முடியலை எனக்கு, பறக்கற கதையாம்."

அன்ஸியா சிரிக்கவில்லை. "அதுல வர்ற பொண்ணு நம்ம நிஸா மாதிரி, மாமி" என்று சொல்லிவிட்டுச் சாயாகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

ஜலீலா மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் வாயில்தான், எழுத்தெல்லாம் மலையாளம். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, புருஷன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து, படிக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்தாள். அவளுக்குச் சத்தம் போட்டு வாசித்தால்தான் மண்டையில் ஏறும். வாசிக்க ஆரம்பித்ததும் மேலே சத்தம் நின்றது. நின்றது என்றால் போய்விடவில்லை. நடுப்படியில் உட்கார்ந்து கேட்கிறது என்று அவளுக்குப் பட்டது. திரும்பிப் பார்க்காமல் அடுத்த வரியை வாசித்தாள்.

கதையில் தாமிரா என்று பதினேழு வயசுப் பெண். துறைமுக ஊர். எல்லோரும் அவளைப் பையன் என்றார்கள். ஒருநாள் அவளுக்கு அசாத்திய பலம் வருகிறது, அவள் மனசில் இருந்த பெண் உருவமும் கூடவே வருகிறது. வல்லார்பாடம் துறைமுகத்தில் கிரேன் தூக்குகிற கப்பல் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்குகிற மாதிரி பலம். ஆனால் யாராவது பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போச்சு, உடம்பு துவண்டுவிடும். "இதென்னடி அக்கிரமம்!" என்று ஜலீலா புத்தகத்தைத் திட்டினாள். கண்ணாடி முன்னால் அந்தப் பெண் முதல்முறையாகத் தன்னைப் பார்த்துச் சிரிக்கிற இடத்தில் அழுதாள். தன் பிள்ளை கண்ணாடியே பார்க்காமல் தலை வாரிக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பாத்திஹாவுக்கு முந்தின நாள் அந்த இடம் வந்தது. ஒரு பாலம் இடிகிறது. மேலே பஸ்கள், பஸ்ஸுக்குள் ஜனம். தாமிரா கீழே நின்று இரண்டு கையாலும் பாலத்தைத் தாங்குகிறாள். கரையில் அவள் அப்பன் நிற்கிறான். மகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பதற்றத்தில் பழைய பேரைச் சொல்லி அலறுகிறான். அவள் கை நடுங்குகிறது.

"வாயை மூடுடா பாவி!" என்று ஜலீலா கத்தியே விட்டாள்.

கத்தின பிறகுதான் அவளுக்குச் சுரீரென்றது. நாளைக்கு இதே கூடத்தில் இவளும்தானே பிள்ளையின் பழைய பேரைச் சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறாள்? அடுத்த பக்கத்தைத் திருப்பத் தைரியம் வரவில்லை. புத்தகத்தை மூடினாள். அதோடு தொலையவில்லை. ராத்திரி உலை வைக்கும்போதும், காலையில் மத்தி கழுவும்போதும், அந்தப் பெண் பாலத்தைத் தாங்கிக்கொண்டு அடுக்களை வாசலிலேயே நிற்பது போல இருந்தது. இவள் அடுத்த பக்கத்தைத் திருப்பாதவரை அவள் எப்படிக் கையை இறக்குவாள்?

உஸ்தாத் வந்தார். நல்ல மனுஷர், வயசானவர். சாம்பிராணிப் புகை மேலேறியது. "யார் யார் பேருக்கு?" என்று கேட்டார். ஷௌகத் அலி தன் அத்தா பேரைச் சொன்னார், அம்மா பேரைச் சொன்னார். "மகன் ஷிஹாப்" என்றார்.

"உஸ்தாத், அந்தப் பேருக்கு ஓதாதீங்க" என்றாள் ஜலீலா, கதவுக்குப் பின்னாலிருந்து. குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது. "அது மௌத்தாகலை. உசிரோட இருக்கு. மகனும் இல்லை, மக."

"ஜலீலா!" என்றார் ஷௌகத் அலி.

"சும்மா இருங்க. உசிரோட இருக்கறவளுக்கு ஓதி ஓதித்தான் வீட்டுக்குள்ள பேயைக் குடி வச்சிருக்கோம்."

உஸ்தாதுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அஸ்தக்ஃபிருல்லாஹ்! இருக்கற புள்ளைக்கா என்னை இத்தனை வருஷம் ஓத வச்சீங்க?" என்று ஷௌகத் அலியைப் பார்த்துக் கேட்டார். ஷௌகத் அலி தலையைக் குனிந்தவர் குனிந்தவர்தான். உஸ்தாத் தாடியைத் தடவிக்கொண்டார். அப்புறம், "இருக்கறவங்களுக்கு ஆயுசு கேக்கலாம்மா. பேரு என்ன?" என்றார்.

"நிஸா" என்றாள். அந்தப் பேரை அவள் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல். ஷௌகத் அலி செருப்பை மாட்டிக்கொண்டு கடைப் பக்கம் போய்விட்டார்.

ஓதி முடிந்ததும் ஜலீலா கப்பையையும் மீனையும் தூக்குச்சட்டியில் போட்டு, அன்ஸியாவிடம் ஃபோனில் வழி கேட்டுக்கொண்டு, களமசேரி பஸ் ஏறினாள். தோப்பும்படிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பிஸ்மி சொல்லி, நிறுத்தி வைத்திருந்த பக்கத்தைத் திருப்பினாள். அப்பன் இன்னும் அலறிக்கொண்டேதான் இருந்தான். தாமிரா பாலத்தை விடவில்லை. அந்தப் பேரைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவள், கை நடுங்கும், ஆனால் இறக்க மாட்டாள் என்று எழுதியிருந்தது. ஜலீலா பஸ் என்றும் பார்க்காமல் விம்மினாள். பக்கத்தில் இருந்த சேட்டன் எழுந்து தள்ளி நின்றுகொண்டார்.

களமசேரியில் மாடி அறைக் கதவைத் திறந்த நிஸா சுரிதார் போட்டிருந்தாள், கழுத்துவரை முடி. ஜலீலாவின் தங்கை சின்ன வயசில் இருந்த அதே சாடை. "சாப்பிடு முதல்ல" என்று ஜலீலா தட்டில் எடுத்து வைத்தாள். நிஸா ரெண்டு வாய் தின்றதும் நிமிர்ந்தாள்.

"உன் மேல சாம்பிராணி வாசனை அடிக்குதேம்மா. இன்னிக்கு என்ன?"

பொய் சொல்லியிருக்கலாம். "உன் ஆண்டு பாத்திஹா" என்றாள் ஜலீலா.

நிஸாவின் கை தட்டிலேயே நின்றது.

"வருஷா வருஷமா?"

"ம்."

"கப்பையும் மத்தியும் வச்சா?"

"ம். நான்தான் ஆக்கினேன்."

நிஸா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப இத்தனை வருஷம் என் பங்கை யாரும்மா தின்னது?" என்று கேட்டாள். கேலியாகத்தான் கேட்க நினைத்தாள் போலிருக்கிறது, குரல் உடைந்துவிட்டது.

ஜலீலா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சரி, அழாதே" என்று நிஸா தட்டை நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் போடு."