பரிமளாவின் கையெழுத்து

பரிமளா அட்டையில் துளை குத்திக்கொண்டேதான் பேசுவார். சேலையில் மயில் எங்கே விழவேண்டும், கொடி எங்கே திரும்பவேண்டும் என்று பட்டுத்தறிக்குச் சொல்வது அந்த அட்டைகள்தான். ஒரு துளை தவறினால் மயிலுக்கு மூக்கு போய்விடும். அதனால் யார் டிசைன் கொண்டுவந்தாலும் முதலில் கேள்வி: "இந்த எல இங்க எதுக்கு வளையுது? காரணம் சொல்லு, குத்தறேன்." ஜல்தியாக வேலை முடிய வேண்டுமென்று வருகிறவர்கள் பேஜாராகிப் போவார்கள். ஆனாலும் அடுத்த டிசைனுக்கு அவரிடமே வருவார்கள்.

மாத்திரை விழுங்குவதையும் அவர் மறைப்பதில்லை. "சுகருக்கா, அக்கா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, மூளைக்கு. ரொம்ப எகிறாம இருக்க" என்பார்.

ஆறு வருடங்களுக்கு முன்பு அப்படி எகிறியபோது, தம்பி ராஜவேலு பாலில் தூக்க மாத்திரை கலந்து கொடுத்து, வேனில் ஏற்றி, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். எல்லாத் தாளிலும் தம்பியின் கையெழுத்து. பரிமளாவுக்கு நினைவு தெளிந்தபோது தலைக்குக் கரண்டு வைக்கும் மின்சிகிச்சை பாதி முடிந்திருந்தது. உடம்பு தேறியது, சேர்ப்பதற்கு முன் ஆடி மாதம் முழுதும் வரைந்தவை மட்டும் மனதிலிருந்து போய்விட்டன. "குணமாச்சு, இல்லன்னு சொல்லல. ஒரு வார்த்த கேட்டு இருந்தா நானே வேன்ல ஏறி இருப்பேனே."

போன மாதம் தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. ஒரே பகலில் பதினோரு மயில் வரைந்தார். பன்னிரண்டாவதன் கழுத்தில் பென்சிலை நிறுத்திவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார். "டேய், ஆரம்பிச்சுடுச்சு. வண்டிய எடு."

அரசு மருத்துவமனையில் டாக்டர் சுகன்யா சேர்க்கைத் தாளை எடுத்ததும், "நான் எங்க கையெழுத்து போடணும்?" என்றார் ராஜவேலு.

"நீங்க இல்ல சார், அவங்க. அம்மா, உங்களுக்கு என்ன ஆகுதுன்னு சொல்லுங்க."

இதை யாரும் பரிமளாவிடம் கேட்டதே இல்லை. வார்த்தைகள் முட்டி மோதிக்கொண்டு வந்தன. தூக்கம் போனது, மயில்கள், உள்ளே சேர்ந்தால் என்ன நடக்கும், வீட்டிலேயே இருந்தால் என்ன ஆகும் என்று ஒன்று விடாமல் சொன்னார். "பத்து நாள் இருக்கேன். மாத்திர, ஊசி சரி. கரண்டு வேணாம். மாத்திர கேக்கலன்னா அப்ப வந்து எங்கிட்டயே கேளுங்க."

"இவ்ளோ வேகமா பேசிகினு இருக்குது, இத போய் கேட்டுகினு இருக்கீங்களே டாக்டர்" என்றார் ராஜவேலு.

"வேகமாத்தான் பேசறாங்க. ஆனா புரிஞ்சுதான் பேசறாங்க. வேணாம்னு சொல்றதும் ஒரு முடிவுதான்." டாக்டர் பரிமளாவிடம் திரும்பினார். "ஒருவேள நீங்களே முடிவெடுக்க முடியாத நெல வந்தா, உங்களுக்காகப் பேச யாரு?"

ராஜவேலு தலையைக் குனிந்துகொண்டார். தன் பெயர் வராது என்று அவருக்குத் தெரியும்.

"இவன்தான்" என்றார் பரிமளா. "ஆனா நான் சொன்னததான் சொல்லணும், இவன் நெனைக்கறத இல்ல."

வெள்ளைத்தாளில் அதை அவரே எழுதினார். கரண்டு வேணாம் என்பதன்கீழ் இரண்டு கோடு போட்டார். முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டு, தம்பி சம்மதம் எழுதித் தரவேண்டிய இடத்தைக் காட்டித் தாளை நகர்த்தினார். ராஜவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகக் கையை நீட்டினார்.

பரிமளா பேனாவைக் கொடுக்கவில்லை. அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு, மறு கையின் விரலை முதல் வரியில் வைத்தார். தம்பியின் உதடுகள் அசைய அசைய, விரலும் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கியது.