பத்து மூடிகளின் இரைச்சல்

1. பிழை தேடிய காலை

கனடாவில், பார்க்டேலில் உள்ள ஒரு சிறிய இசை மண்டபத்தில் நான் ஒலிப்பிரிவில் வேலை செய்கிறேன். இரண்டு வருடம் கேபிள் சுற்றிய பிறகு, சத்தங்களைக் கலக்கும் மிக்சருக்கு முன்னால் தனியாக நிற்க எனக்கு ஒருநாள் கிடைத்தது. ஞாயிறு பின்னேரம் நாலு மணி நிகழ்ச்சி. அன்று காலை பதினொரு மணிக்கே ஸ்பீக்கரில் ஓர் இரைச்சல்.

"தங்கச்சி, உந்த இரைச்சலை நிப்பாட்டு. சனம் வர முதல் போயிட வேணும்," என்றார் குகன் அண்ணை. ஸ்காபரோ கலியாண வீடுகளுக்கு சவுண்ட் போட்டுத் தொடங்கியவர். இப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவர்.

"ஓம் அண்ணை, பாக்கிறன்."

"பாக்கிறன் எண்டு பாத்துக்கொண்டு நில்லாத."

அந்த மாதம் ஆபிரிக்காவில் பிறந்து இங்கே வாழும் பாடகிகளை வாரம் ஒருவராக அழைத்திருந்தார்கள். மாலியில் பிறந்தவர் எலெக்ட்ரிக் கிற்றாருடன் பாடினார். எத்தியோப்பியாவில் பிறந்தவர் சாக்சபோனுடன் பாடினார். மூன்றாவதாக வந்தவர் ருடோ. சிம்பாப்வேயில் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும். ஷோனா மொழிப் பாட்டுகளை பேஸ் கிற்றார், ட்ரம்ஸ், பெரிய வயலின் போன்ற செலோவுடன் பாடுவார். ம்பிரா என்ற வாத்தியத்தைத் தானே வாசிப்பார். ஒரு மரப்பலகை, அதில் இரும்பு நாக்குகள் வரிசையாக; பெருவிரல்களால் தட்ட வேண்டும். பலகையைப் பாதிச் சுரைக்குடுவைக்குள் வைத்து வாசிப்பார்கள்.

ருடோ காலையில் கொஞ்சம் வாசித்துக் காட்டியபோதுதான் அந்த இரைச்சல் வந்தது; பிறகு அவர் சாப்பிடப் போனார். நான் மைக்கை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். பிளக் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் ம்பிராவின் ஒரு நாக்கை நானே விரலால் தட்டிப் பார்த்தேன். இரைச்சல் அங்கேதான் இருந்தது. பலகையின் அடியில் ஒரு தகட்டில் பத்துச் சோடா மூடிகளைத் தளர்வாகக் கம்பியால் கட்டியிருந்தார்கள். தட்டும்போதெல்லாம் அவை அதிர்ந்தன.

அலங்காரத்துக்குக் கட்டியது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ஒலிப்பதிவு படித்து வாங்கிய என் டிப்ளோமாவை, மோர்னிங்சைட் வீட்டில் அம்மா சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவர் அவர். என் வேலையைப் பார்க்க முதல் தடவையாக அன்றைக்குத்தான் வரப்போகிறார். அப்படியான நாளில் பத்து மூடிகளிடம் நான் தோற்பதா?

ட்ரம்ஸின் தேவையற்ற அதிர்வை அடக்க ஒரு ஜெல் இருக்கிறது. நிறமில்லாதது, ஒட்டும். அதைச் சிறு துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு மூடிக்குப் பின்னாலும் அழுத்தி வைத்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

தட்டினேன். கண்ணாடி மாதிரிச் சுத்தமான சத்தம்.

"கெட்டிக்காரி," என்றார் குகன் அண்ணை. கேபிளில்தான் பிழை என்று அவர் நினைத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

2. குளிர் கொன்றுவிட்டது

சவுண்ட் செக் இரண்டு மணிக்கு. ருடோ ஒரு வரி வாசித்தார். நிறுத்தினார். திரும்ப வாசித்தார். குடுவையைக் காதோடு வைத்துக் கேட்டார். பிறகு செலோ வாசிப்பவரிடம் மெதுவாக ஆங்கிலத்தில் சொன்னது, திறந்திருந்த மைக் வழியாக என் ஹெட்போனில் விழுந்தது.

"முடிந்துவிட்டது. இந்த ஊர்க் குளிரில் மரம் செத்துவிட்டது. பதினொரு வருடம் தாங்கியதே பெரிய காரியம். இன்றைக்குக் கீபோர்டோடு பாடுகிறேன்."

ம்பிராவைச் சால்வையில் சுற்றத் தொடங்கினார். பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றினார்.

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. நிகழ்ச்சி நடக்கும், சத்தம் சுத்தமாக இருக்கும், அம்மா கை தட்டுவார். இவ்வளவையும் நான் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு மேடைக்கு ஏறினேன்.

"அது சாகவில்லை. நான்தான் மூடிகளை அடைத்துவிட்டேன்."

ருடோ என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். அவர் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நீட்டினார்.

"நீ வைத்ததை நீயே எடு."

முழங்காலில் இருந்துகொண்டு முதல் துண்டைத் தோண்டி எடுத்தேன். அந்த மூடி ஆடியது.

"இது என் தம்பி," என்றார் ருடோ. "இந்தப் பலகையைச் செய்தவன். பழைய கார் ஸ்பிரிங்கை அடித்து நாக்குகள் செய்தான்."

எனக்கு விளங்கவில்லை. அவர் சொன்னார்: "நான் கனடாவுக்கு வரும் முன்பு வீட்டில் ஒரு விருந்து வைத்தார்கள். வந்தவர்கள் குடித்த சோடா மூடிகள் இவை. எங்கள் ஊரில் இந்த இரைச்சல் இல்லாமல் வாசித்தால், வாசித்ததாகவே கணக்கில்லை. மூடி எப்படியும் வேண்டும். அப்படியென்றால் நாங்கள் இருக்கிறோமே என்று என் ஆட்கள் தாங்கள் குடித்த சோடாவின் மூடியை ஆளுக்கொன்றாகத் தந்தார்கள்."

இரண்டாவது துண்டை எடுத்தேன். "சின்னம்மா. சோடாவைக் கேலி செய்துகொண்டே மூன்று குடித்தவர்." மூன்றாவது, தேவாலயப் பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடியவள். நான்காவது, கடன் வாங்கிய சட்டையோடு வந்த அயல்வீட்டுக்காரர். பத்தாவது மூடிக்கு வந்தேன். அது ருடோவின் அம்மா.

சிறு வயதில் நான் போன பாட்டு வகுப்பில், ரீச்சர் தம்புராவின் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகுவார். உடனே தந்தி இரையத் தொடங்கும். அந்த நூலை நான் ஒருநாளும் பிழை என்று நினைத்ததில்லை.

குகன் அண்ணை மேடைக்கு வந்துவிட்டார். "ஆரைக் கேட்டுக் கை வைச்சனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை அண்ணை."

"வாத்தியத்தில கை வைக்கிறதும் ஆளின்ர வாயைப் பொத்துறதும் ஒண்டுதான். நீ இண்டைக்கு மிக்சரில நிக்க வேண்டாம். கேபிளைப் பார்."

அவர் சொன்னது சரிதான். நான் இறங்கப் போனேன். தமிழ் விளங்காவிட்டாலும் ருடோவுக்கு விசயம் விளங்கிவிட்டது.

"அவளே நிற்கட்டும்," என்றார். "இந்த மண்டபத்தில் இவர்கள் பத்துப் பேரையும் தெரிந்தவள் இப்போது அவள் ஒருத்திதான்."

குகன் அண்ணை என்னைப் பார்த்தார், குடுவையைப் பார்த்தார். "சரி, ஏறு," என்றார். "ஆனா நான் பின்னாலதான் நிப்பன்."

3. ஸ்ட்ரீட்காரில்

நாலு மணிக்கு ருடோ வாசித்தார். பேஸ் கிற்றாருக்குக் கொஞ்சம் கீழே, செலோவுக்குக் கொஞ்சம் மேலே அந்த இரைச்சலை வைத்தேன். பாட்டு ஏற ஏற மூடிகளும் ஏறின. கடைசிப் பாட்டில் ருடோ பாடுவதை நிறுத்தி, ம்பிராவை மட்டும் வாசித்தார். நான் மற்ற வாத்தியங்களின் ஃபேடர்கள் எல்லாவற்றையும் இறக்கிச் சத்தத்தைக் குறைத்தேன். மண்டபம் முழுக்க அவர்கள் பத்துப் பேரும்தான்.

வீட்டுக்குப் போகும்போது தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் அம்மா என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"பிள்ளை, எல்லாம் நல்லா இருந்தது. ஆனா ஒரு கொரகொரவெண்ட சத்தம் வந்துகொண்டே இருந்தது. உன்ர மெசினில ஏதும் பிழையோ? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சிரித்துச் சிரித்துக் கதையைச் சொன்னேன். ஜெல் வைத்ததையும் சொன்னேன்.

"உதுக்கோ இவ்வளவு படிச்சனி?" என்றார் அம்மா. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு ஆர் சோடா குடிச்சது? சண்டைக்குப் பயந்து ஓடித்தானே வந்தனாங்கள். ஆனா ஒரு விருந்து வைச்சிருந்தா ஆரார் வந்திருப்பினம் எண்டு எனக்குத் தெரியும்." விரல் மடித்துப் பெயர் சொல்லத் தொடங்கினார். சப்வேக்கு மாறவேண்டிய இடம் வந்தபோது இரண்டாம் கை பாதியில் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைமாருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இசைக்குழு வருவதற்கு முன் எத்தனை மைக், எத்தனை கேபிள் என்று கேட்டு ஒரு பட்டியல் அனுப்புவோம். என் பட்டியலின் கடைசியில் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது: "நான் பிழை என்று நினைக்கக்கூடிய சத்தம் உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?" முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு பதில் எழுதுவார்கள். இதுவரை ஒருவர்கூட "இல்லை" என்று எழுதியதில்லை.