பியாட்ரிஸ் அக்கா பார்க்காமல் சொன்னது

ஆட்டோ ஓட்டும் ஆதிகேசவனுக்குப் பத்திரிகைக்காரர்கள் மேல் பல வருஷத்துக் கோபம். ஒரு பந்த் நாளில், வண்டி போக வழியில்லாமல் நடுரோட்டில் கிடந்த கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டார். மறுநாள் பேப்பரில் கல்லும் கையுமாக அவர் படம். கீழே 'கல் வீசிய கும்பல்' என்று போட்டிருந்தார்கள். போய்ச் சண்டை பிடித்ததற்கு, உள்பக்கத்து மூலையில் எறும்பு சைஸ் எழுத்தில் வருந்தினார்கள். அதை எவன் படித்தான்? மாமியார் வீட்டில் இன்றைக்கும் அவர் கல்லெறிந்தவர்தான்.

அவர் நம்பிய ஒரே செய்தி, ஜீவனஹள்ளியில் அவர் தெருவிலேயே இருந்த பியாட்ரிஸ் அக்காவுடையது. தினமும் காலையில் தெருக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் அக்கா குரல் வரும். தண்ணீர் எப்போது விடுவார்கள், கரண்ட் எங்கே இல்லை, யார் வீட்டில் சாவு. எதையும் நேரில் பார்க்காமல் சொல்லமாட்டார். பார்க்கப் போவது ஆதிகேசவன் ஆட்டோவில்.

ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் சுவர் இடிந்ததாக ஒரு படம் வந்தது. செங்கல், புழுதி, சிதறிய புத்தகப்பைகள், எல்லாம் அச்சு அசல். அன்றைக்கு மட்டும் போய்ப் பார்க்காமல் சொல்லிவிட்டார். தாய்மார்கள் அலறியடித்து ஓடினார்கள். சுவர் நின்ற இடத்திலேயே நின்றது. படம் யாரோ ஏ.ஐ.யில் செய்தது. ஓடிய ஓட்டத்தில் அவர்களில் ஒருத்தியான ஜெயலக்ஷ்மிக்குக் கால் முறிந்தது மட்டும் நிஜம்.

"அதை அழிச்சிட்டு கம்முனு இருங்கக்கா. யாரும் கேக்கமாட்டாங்க" என்றார் ஆதிகேசவன்.

"கேட்டவங்க காதுல இருந்து எப்டிப்பா அழிக்கிறது? வண்டிய எடு."

காய்ச்சலோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். "பார்க்காம சொல்லிட்டேன். அது பொய்." சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். ஜெயலக்ஷ்மி மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி, "வாங்க டிவி ஸ்டேஷன். இன்னிக்கு எது இடிஞ்சிருக்கு?" என்றாள்.

"என் பேருதான்மா."

அவள் கால் கூடும்வரை அவள் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, கூட்டி வந்தது அக்காதான். அதன்பிறகு குரூப்பில் எதைச் சொன்னாலும், "பார்த்தீங்களா ஆண்ட்டி?" என்று யாராவது கிண்டலடித்தார்கள். அக்கா கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னும் நல்லா கேளுங்க" என்பார். இப்படி ஒரு மனுஷியை ஆதிகேசவன் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் அக்கா நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், வீடு திரும்பவில்லை. ஆதிகேசவன் கடைசியாகப் பார்க்கப் போனபோது, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு போனை நீட்டினார். அதில் அல்சூர் ஏரிக்கரையில் வாயைப் பிளந்தபடி ஒரு முதலையின் படம்.

"பொய்யிக்கா. பார்த்தாலே தெரியுது."

"தெரியுதுன்னா பத்தாது கேசவா. நம்ம தெருப் பசங்க பயந்து கெடக்குங்க. நீ ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வந்து, உன் வாயாலயே குரூப்புல சொல்லிடு."