கோழி ஊசிப் பெட்டி

எங்கள் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெள்ளைக்கழிச்சல் வராமல் இருக்கப் போடும் மருந்தை நாமக்கல்லில் வாங்கினால் ஐஸ் வைத்துத்தான் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வழியில் டீக்கடையில் நிற்கக்கூடாது. ஐஸ் கரைந்து மருந்து சூடேறிவிட்டால் குப்பியோடு தூக்கி எறிய வேண்டியதுதான். கெட்ட மருந்து கண்ணுக்குத் தெரியாது. நிறம் மாறாது, நாறாது. கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழும்போதுதான் தெரியும்.

அதனால் என் வீட்டுக்காரருக்கு வந்த நோய்க்கு ஓர் ஊசி இருக்கிறது, அதைக் கடைசிவரை குளிரிலேயே வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னபோது, மற்ற எல்லாவற்றுக்கும் பயந்த நான் அதற்கு மட்டும் பயப்படவில்லை. அது நமக்குத் தெரிந்த வேலைதானே என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் முன்னே லாரி ஓட்டியவர். சங்ககிரியில் வண்டி எடுத்தால் வடக்கே போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அந்தக் காலத்தில் பொறுக்கிய இந்தி இன்னும் அவர் வாயில் இருக்கிறது. பிறகு வண்டியை விட்டுவிட்டு, திருச்செங்கோடு போகும் வழியில் இருக்கும் எங்கள் காட்டில் பண்ணை போட்டோம். போன வருடம் அவர் வலது கையிலிருந்து முட்டை அட்டைகள் நழுவ ஆரம்பித்தன. முதலில் நான் திட்டினேன். பிறகு சோற்றுக் கவளமே நழுவியது.

உடம்பே தன் நரம்பைத் தின்கிறது என்றார்கள். வடக்கே ஒரு பெரிய ஊரில் உள்ள மருத்துவமனையில்தான் அந்த ஊசி கிடைத்தது. முதல் ஊசியை அங்கேயே போட்டார்கள். அடுத்ததைக் கையில் கொடுத்து, ஊர் போனதும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், அதன் பிறகு மாதம் ஒன்று. "இந்த ஊசி போன பலத்தைத் திருப்பிக் கொடுக்காது. இருப்பதை நிறுத்தி வைக்கும். ஒரு மாதம் தவறினாலும் கை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது" என்று அந்த மருத்துவர் சொன்னதை, எங்களுக்காக ஒரு மலையாள நர்ஸ் தமிழில் சொன்னாள். மருந்துப் பெட்டியை விமானத்தில் சரக்கோடு போடக்கூடாது, உறைந்தாலும் கெட்டுவிடும், கையில்தான் கொண்டுபோக வேண்டும் என்றும் சொன்னாள். அதற்கொரு கடிதமும் கொடுத்தார்கள்.

பெட்டி நான் ஊரிலிருந்து கொண்டு போனது. எங்கள் கோழி ஊசிப் பெட்டி. கெட்டியான நீலப் பெட்டி, உள்ளே வைக்க, உறைய வைத்தால் ஐஸ் போலக் குளிர் காக்கும் நான்கு ஜெல் பைகள். எத்தனையோ வெயிலில் குளிர் விடாமல் உழைத்த பெட்டி அது. மருத்துவமனைக்காரர்கள் கொடுக்கும் அட்டைப் பெட்டியை நான் நம்பவில்லை. மூடிமேல் சேவல் படம் போட்ட ஒட்டுத்தாள் ஒன்று இருந்தது. உயிருள்ள தடுப்பு மருந்து, கோழிகளுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அதைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வீட்டுக்கு ஒரு பண்ணை இருக்கிற ஊரில் பிறந்தவளுக்கு எப்படித் தோன்றும்?

போகும்போது சேலம் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த போலீஸ்காரப் பெண் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, கோழி ஊசிப் பெட்டிங்களா? எங்க பெரியப்பா ஊட்லயும் இதேதானுங்க இருக்குது."

"ஆமாங்க. வாரப்ப மருந்து கொண்டாறோணும்."

"சரிங்க, எடுத்துக்கங்க."

உள்ளே இருந்த ஜெல் பைகள் அன்று உறையக்கூட இல்லை, தொளதொளவென்று கிடந்தன. அவள் அவற்றைத் தொடவில்லை. நடுவில் விமானம் மாறிய ஊரிலும் ஜெல் பைகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அங்கே கேட்டதெல்லாம் என் தாலிக்கொடியில் கோர்த்திருந்த ஊக்குகளை. சேலத்தில் குற்றமில்லாத ஊக்கு அங்கே ஆயுதமாகிவிட்டது. ஒவ்வொன்றாகக் கழற்றித் தொட்டியில் போடச் சொன்னார்கள். என் பக்கத்தில் நின்ற பெண் கழுத்திலும் அதே ஊக்குகள் இருந்தன, அவளை விட்டுவிட்டார்கள். தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன் என்று அவரிடம் சொல்லிச் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

திரும்பும் நாளில் நர்ஸ் எங்கள் பைகளையெல்லாம் கல்லாக உறைய வைத்துக் கொடுத்தாள். குப்பியைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாதபடி நடுவில் வைத்து மூடினேன். வெளியே நல்ல கத்திரி வெயில். டாக்ஸியில் ஏசி வேலை செய்யவில்லை. விமான நிலையத்தில் சோதனைக்கான வரிசை திருவிழாக் கூட்டமாக நெளிந்தது. பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பெட்டி இயந்திரத்துக்குள் போய், அந்தப் பக்கம் வராமல் தனியே ஒதுங்கியது. காவலர் ஒருவர் அதை மேஜைமேல் வைத்து, சேவல் படத்தில் விரலைத் தட்டி ஏதோ கேட்டார். எனக்கு இந்தி தெரியாது. என் வீட்டுக்காரர்தான் முன்னே போனார்.

"முர்கி?" என்றார் காவலர். கோழியா என்று கேட்கிறார்.

என் வீட்டுக்காரர் பொய் சொல்லிப் பழகாத மனிதர். "ஹாங் சாப், முர்கி கா பாக்ஸ்" என்றார். ஆமாம் ஐயா, கோழிப் பெட்டிதான். பெட்டிதான் கோழியுடையது, மருந்து என்னுடையது என்று அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்குள் இன்னும் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கோழிக்கு உயிருள்ள கிருமி மருந்தை விமானத்தில் கொண்டு போகிறான் என்று ஆகிவிட்டது. இவர் விளக்கினார், நான் கடிதத்தை நீட்டினேன், அவர்கள் யாருக்கோ போன் செய்தார்கள். மூடி திறந்தபடியே கிடந்தது. "மூடுங்க, மூடுங்க, குளிரு போயிரும்" என்று நான் தமிழில் கத்தினேன். ஒருவர் கையைக் காட்டி என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

கடைசியில் பெரிய அதிகாரி ஒருவர் வந்து கடிதத்தைப் படித்துவிட்டு மருந்துக்குச் சம்மதித்தார். நான் கும்பிட்டேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். முதலில் நிறுத்திய காவலர் ஜெல் பையைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். விரல் பதிந்தது. கல்லாக இருந்தால் போகலாம், அமுங்கினால் அது திரவம், திரவம் போகாது என்றார். இவ்வளவு நேரம் திறந்து வைத்து அதைக் கரைத்ததே அவர்கள்தான். அதை என் வீட்டுக்காரர் இந்தியில் சொன்னார். மருந்தை மட்டும் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் பெட்டியோடு சரக்கில் போடுங்கள் என்று பதில் வந்தது. சரக்கில் போடக்கூடாது என்பது அதே கடிதத்தில் எழுதியிருந்தது. சரக்குக் கவுண்டரும் மூடியாகிவிட்டது.

நான்கு பைகளையும் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். விழுந்த சத்தத்திலேயே தெரிந்தது, உள்ளே பாதிக்குமேல் இன்னும் உறைந்துதான் இருந்தது. எனக்கு அந்த மனிதனை அறைய வேண்டும் போல இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, அறைந்திருப்பேன். என் வீட்டுக்காரர் முந்தானையைப் பிடித்து என்னை இழுத்துக்கொண்டு போனார், இடது கையால்.

உள்ளே பழச்சாறு விற்கும் கடையில் ஐஸ் கேட்டேன். கடைக்காரப் பெண் என் முகத்தைப் பார்த்து, காசு வேண்டாமென்று ஒரு பெரிய குவளை நிறைய அள்ளிக் கொடுத்தாள். குவளையைப் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, குப்பியை ஓரமாகச் சாய்த்து வைத்தேன். விமானம் மாறும் ஊரில் இறங்கியபோது குவளையில் இருந்தது தண்ணீர்தான். அங்கே மறுபடியும் சோதனை. தண்ணீர் போகலாம், ஆனால் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். முந்தின விமான நிலையத்தில் திரவம் தடுப்பதற்கானது, இங்கே திரவம் குடித்துக் காட்டுவதற்கானது. குடித்தேன். குளிர்ச்சியே இல்லை. அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியபோதுதான் மருந்து போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாயிற்று.

சேலம் விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். வீடு வந்து குப்பியை ஃபிரிட்ஜில் வைத்தோம். செத்த பிறகு வைத்தியம் பார்க்கிற கதைதான்.

மருத்துவமனைக்குப் போன் போட்டால், அத்தனை நேரம் வெளியே இருந்ததைப் பயன்படுத்த வேண்டாம், அடுத்தது அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். ஊசி போட வேண்டிய எங்கள் ஊர் மருத்துவர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"போடுங்கன்னும் சொல்ல முடியலீங்க, வேண்டாம்னும் சொல்ல முடியலீங்க. ஊட்ல பேசிட்டு வாங்க" என்றார்.

பேசினோம். அவர் கட்டிலில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"போட்டுரலாம் புள்ளை. கெட்டுப்போயிருந்தா வெறும் தண்ணி. கெடலைன்னா மருந்துதானே?"

"கெட்டுப்போனது ஒடம்பை வேற எதாச்சும் பண்ணிப்போட்டா என்னங்க பண்றது?"

"சும்மா இருந்தாலும் கை போகுது. போட்டாப் போகாம இருந்தாலும் இருக்கும். ஒண்ணுமே பண்ணாம ஒரு மாசம் ஒக்காந்துட்டு இருக்க என்னால முடியாது சாமி."

எங்கள் பண்ணையில் அப்படிச் சூடேறிய மருந்தை ஒரு கோழிக்குக்கூடப் போட்டதில்லை. தெரிந்தே எத்தனை குப்பிகளைக் குழி தோண்டிப் புதைத்திருக்கிறேன். கோழிக்குப் போட மாட்டேன், கட்டினவருக்குப் போடச் சொன்னேன். அதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும் என்று இன்றுவரை யாராவது எனக்குச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஊசி போட்டதும் காய்ச்சல் வந்தது, போனது. பிறகு விரல்கள் மடங்கவில்லை. அப்புறம் மணிக்கட்டு. அடுத்து முழங்கை. மாதம் முடியுமுன்னே வலது கை தோளிலிருந்து துணி போலத் தொங்கியது. மருந்து கெட்டதாலா, நோயின் வேகத்தாலா என்று கேட்டால் ஒரு மருத்துவரும் வாய் திறக்கவில்லை. நான்கு ஜெல் பைகள் ஒரு கையைத் தின்றன என்று நான் சொன்னால் அதற்கு என்னிடம் அத்தாட்சி கிடையாது. இல்லை என்று சொல்ல அவர்களிடமும் கிடையாது.

அடுத்த ஊசிக்காக மறுபடியும் அதே ஊருக்குப் போனோம். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை போய்ப் புதுப் பெட்டி வாங்கியிருந்தேன், படமில்லை, எழுத்தில்லை. திரும்பும்போது மூடிமேல் கடிதத்தை ஒட்டி, அதே விமான நிலையத்தில் அதே வரிசையில் நின்றேன். கையை உள்ளே விட்டுத் துழாவினேன். ஜெல் பைகள் அமுங்கின. என்ன சொல்லிக் கெஞ்சுவது என்று இந்தியில் நான்கு வார்த்தைகள் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

பெண்களுக்கான திரைக்குள் போய்ச் சோதனை முடிந்து வெளியே வந்தால், என் பெட்டி இயந்திரத்தைத் தாண்டி அந்தக் கடைசியில் அநாதையாகக் கிடக்கிறது. ஒருவரும் திறக்கவில்லை. ஒருவரும் அமுக்கவில்லை. இயந்திரத்தருகே நின்ற காவலர், எடுத்துக்கொண்டு போ என்று கையை வீசினார். சந்தோஷப்பட வேண்டியவள்தான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"ஏனுங்க, இன்னைக்கு அமுக்கிப் பாக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன். மனப்பாடம் செய்த இந்தி ஒன்றும் வரவில்லை. "போன மாசம் உடமாட்டேன்னீங்களே, இன்னைக்கு எதுக்குங்க உட்டீங்க?"

அவருக்குப் புரியவில்லை. பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்காரரைத் தேடினேன்.

ஆண்கள் வரிசையில் அவர் இன்னும் மேடைமேல் நின்றுகொண்டிருந்தார். இடது கையை மட்டும் தூக்கியிருந்தார். "தோனோ ஹாத்" என்று காவலர் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு கையையும் தூக்கச் சொல்கிறார். "நஹி உட்தா சாப்" என்றார் இவர், எழும்ப மாட்டேன் என்கிறது ஐயா. காவலர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, தானே அந்த வலது கையைப் பிடித்துத் தோள் உயரத்துக்குத் தூக்கினார். கருவியை அதன் கீழே மேலும் கீழுமாக ஓட்டினார். அந்தக் கையில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். கை விழுந்து அவர் தொடையில் அடித்தது.