அக்காவின் கலியாணத்துக்கு வாசித்த லண்டன் குழு

எங்கள் வீட்டு ஷோகேஸில், அம்மாவின் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே, ஒரு இசைத்தட்டு நிமிர்ந்து நின்றது. அதைப் போட்டுக் கேட்கிற மெஷின் எங்களிடம் இருக்கவில்லை. ரொறொன்ரோவிலிருந்து ஆறு மணித்தியாலம் தள்ளி, லாசாலில் நாங்கள் இருந்த கட்டடத்தில் எவரிடமும் இருக்கவில்லை. ஆனாலும் யார் வந்தாலும் அப்பா தேத்தண்ணிக்கு முன்னமே அதைத்தான் காட்டுவார்.

"என்ர மச்சான்ட குழு. லண்டன்ல."

மச்சான் என்றால் அம்மாவின் தம்பி, என் மாமா. பதினாலு வயதில் மட்டக்களப்பிலிருந்து லண்டனுக்குப் போனவர். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடிக்கப்போகிற முதல் ஆள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு, கூடப் படித்த வெள்ளைக்கார நண்பர் ஒருவரோடு சேர்ந்து மெஷின்களில் இசை செய்யத் தொடங்கினார். முதல் ஆள் என்கிற அந்த இடம் காலியாகக் கிடந்து பிறகு என் தலையில் விழுந்தது வேறு கதை.

குழு என்றால் அவ்வளவுதான், இரண்டு பேர். ஒரு மேசை நிறையப் பொத்தான்களும் திருகுகளும் வயர்களும். பாடகர் இல்லை, பாட்டும் இல்லை. முதல் தட்டு வந்தபோது சொந்தக்காரர் சிரித்தார்கள். இரண்டாவதை பிரான்ஸ் வானொலியில் போட்டார்கள் என்று பாரிஸிலிருந்து சித்தி போன் எடுத்துச் சொன்னா. மூன்றாவதோடு இங்கிலாந்தில் ஒரு பெரிய புல்வெளியில், கொட்டுகிற மழையில், ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் வாசித்தார்கள். அந்த வீடியோவைப் பள்ளிக்கூடக் கணினியில் என் வகுப்பு முழுவதற்கும் காட்டினேன். கூட்டத்துக்கு மேலால் மாமாவின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. அந்த உச்சந்தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன்.

இவ்வளவு நடந்தும் சொந்தத்துக்குள் மாமா படிப்பைக் கெடுத்தவர்தான். "உன்ர தம்பி இன்னும் பொத்தான் திருகிறானா?" என்று போனில் அம்மாவிடம் கேட்பார்கள். அம்மா ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பா. அப்பாதான் போனைப் பறிப்பார்.

"திருகினா என்ன? நானும் பதினைஞ்சு வருசமா பாண் சுடுற ஃபாக்டரியில மெஷினோடதான் நிக்கிறன். மெஷின் லேசில ஒருத்தனுக்கு அடங்காது, தெரியுமா?"

எனக்கு ஒன்பது வயதில் அக்காவுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளை, எங்கள் நகரத்தின் மறுபக்கம் ரொக்ஸ்பரோவில் இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். அங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. ரொறொன்ரோவிலிருந்து நல்ல இசைக்குழு ஒன்றை எடுப்போம், சினிமாப் பாட்டெல்லாம் அச்சொட்டாகப் பாடுவார்கள் என்று அவர் சொன்னார். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்களிட்ட லண்டன் குழு இருக்கு" என்றுவிட்டார். அதோடு நில்லாமல் அழைப்பிதழிலும் அடித்துவிட்டார். மாமாவுக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான். அவர்கள் அந்த யூன் மாதம் ரொறொன்ரோவில் வாசிக்க வருவது அப்பாவுக்குத் தெரியும். அங்கிருந்து இங்கே வருவதில் என்ன கஷ்டம் என்று நினைத்திருக்கிறார்.

"அத்தான், எங்கட மியூசிக் கலியாணத்துக்குச் சரிவராது."

"ஏன் மச்சான், சோகமா?"

"சோகமில்ல. பாட்டே இல்ல."

"பாட்டுப் பாட ஊர்ப்பட்ட ஆக்கள் இருக்கு. நீ வந்து வாசி. இவனுகள் ஒருக்காக் கண்ணால பாக்கட்டும்."

மாமா திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "சரி, வாறம்" என்று மாமா சொன்னார்.

ரொறொன்ரோவில் வாசித்து இரண்டு நாள் கழித்து, ஞாயிறு மத்தியானம், இருவரும் லாசால் ஹோலுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா கறுப்பு ரீசேர்ட்டோடு வந்து, அம்மா முறைத்ததும் வேட்டிக்கு மாறினார். நண்பர் நல்ல உயரம். மேடையில் கட்டியிருந்த தோரணம் அவர் தலையில் முட்டிக்கொண்டே இருந்தது. தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளையும் பொம்பிளையும் உடுப்பு மாற்றப் போன நேரத்தில் இசை தொடங்கியது.

தொடங்கியது என்பது எனக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அடித்தொண்டையிலிருந்து வருகிறதுபோல் ஒரு நீண்ட முழக்கம். அதன் மேல் சின்னச் சின்னதாய்த் தட்டுகிற சத்தங்கள். கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிற மாதிரியும் இருக்கும், மாறாத மாதிரியும் இருக்கும். கால் மணித்தியாலம் போன பிறகு பெரியப்பா எழுந்து மேடைக்குக் கிட்டப் போனார்.

"என்ன தம்பி, இன்னும் செக் பண்ணிக்கொண்டே இருக்கிறியள்? பாட்டு எப்ப தொடங்கும்?"

மாப்பிள்ளை வீட்டார் மேசைகளில் சிரிப்பு எழும்பியது. "குசினியில ஃபிரிட்ஜ் பழுதாப் போச்சுதெண்டு நினைச்சன்" என்று யாரோ சொன்னது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். வேலையிடத்தில் மெஷின் நின்றுபோன நாட்களில் அப்படித்தான் வீட்டுக்கு வருவார். மாமா தலையை நிமிர்த்தவேயில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அக்காவும் மாப்பிள்ளையும் வாசலில் நின்றார்கள். அவர்களை வரவேற்கிற பாட்டு ஒன்றும் இல்லை. ஹோல் முழுக்க அந்த முழக்கம் மட்டும். அக்காவுக்கு நடப்பதா நிற்பதா என்று தெரியவில்லை. கண் கலங்கத் தொடங்கிவிட்டது.

அம்மா எழுந்து நின்றா. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காத அம்மா, ஒரு கையை வாயருகில் வைத்துக் குரவையிட்டா.

எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற ஒலி அது. உச்சத்தில் போய் நடுங்கி நிற்கும். ஒரு குரல் எழும்பினால் மற்றவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். எங்கள் ஆறு மேசைகளிலிருந்தும் குரவை எழும்பியது. யாழ்ப்பாணத்துக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வெள்ளைக்கார நண்பர் மைக்கைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார். தோரணமும் பாதி கூடவே வந்தது. அம்மாவுக்கு முன்னால் முழங்காலில் நின்று மைக்கை நீட்டினார். மேடையில் மாமாவின் கைகள் ஓடின. அடுத்த நிமிசம் அம்மாவின் குரவை ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்தது. ஒன்று, பிறகு மூன்று, பிறகு எண்ண முடியாத அளவு அம்மாக்கள். அடியில் அந்த முழக்கம் இப்போது தாளமாகி நடந்தது. அக்கா அந்தத் தாளத்துக்குத்தான் மேடை வரைக்கும் நடந்துபோனா. அம்மா தன் குரலைத் தானே கேட்டு, சீலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தா. சிரித்துவிட்டு மறுபடியும் குரவையிட்டா. ஸ்பீக்கர் கேட்க, அம்மா பதில் சொல்ல, இப்படியே அரை மணித்தியாலம். மாப்பிள்ளையின் சிநேகிதர் கோட்டைக் கழற்றிவிட்டு ஆடினார்கள். பெரியப்பா ஆடவில்லை. ஆனால் கதிரையின் முதுகில் தட்டிக்கொண்டே இருந்தார். நான் பார்த்தேன்.

முடிந்ததும் அவர் நேரே அப்பாவிடம் வந்தார். "அண்ணை, வாற வருசம் என்ர மகளின்ர கலியாணம். உங்கட மச்சானிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோவன்."

அப்பா மேடைக்கு நடந்துபோகவில்லை, ஓடினார். "மச்சான், அடுத்த வருசமும் புக்கிங். இவர்ட மகள்ட கலியாணம். ரெண்டு பேரும் வரவேணும், சொல்லிப்போட்டன்!"

மாமா நண்பரைப் பார்த்தார். நண்பர் மாமாவைப் பார்த்தார். "ஓம் அத்தான்" என்றார் மாமா.

மூன்று கிழமையில் குழு கலைந்த செய்தி வந்தது. பிரிவதென்று ரொறொன்ரோவிலேயே பேசி முடித்துவிட்டார்களாம். அப்பா ஒரு மாதம் யாரோடும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஆனால் தட்டை ஷோகேஸிலிருந்து எடுக்கவுமில்லை. இன்றைக்கு அந்தக் குழுவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கடைசி நிகழ்ச்சி ரொறொன்ரோ என்று எழுதி முடிக்கிறார்கள். வாசிக்கிறபோதெல்லாம், எழுதின ஆளைத் தேடிப்பிடித்துத் திருத்தச் சொல்ல வேண்டும்போல் இருக்கும். ரொறொன்ரோவில் அவர்களுக்கு என் அம்மா கிடைக்கவில்லையே.

கலியாணத்தன்று எனக்கு இது எதுவும் தெரியாது. ஆறு மணிக்குள் ஹோலை விடவேண்டும் என்பதால் வயர் சுற்ற உதவி செய்தேன். இரண்டு பெட்டிகள் திறந்திருந்தன. ஒவ்வொரு சாமானாக எடுத்து, இது உன்னுடையதா என்று ஒருவர் கேட்டார். இல்லை, நீயே வைத்துக்கொள் என்று மற்றவர் சொன்னார். ஒரு சின்ன மெஷினை அவர்கள் அப்படி மூன்று தரம் கைமாற்றினார்கள். லண்டனில் எவ்வளவு நல்ல பழக்கம் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இருவருக்கும் ஒரே விமானம். வாசலில் இரண்டு டாக்ஸிகள் வந்து நின்றன. நான் முதலில் ஒன்றுக்கும் பிறகு மற்றதுக்கும் கை காட்டினேன். அடுத்த நாள் வகுப்பில், என் மாமாவின் குழு எவ்வளவு பெரிய குழு என்பதற்கு அத்தாட்சியாக நான் முதலில் சொன்னது அதைத்தான்: அவர்கள் ஆளுக்கொரு டாக்ஸியில் போனார்கள்.