கம்பெனிக்காரனை அடிக்க முடியாது

கம்பெனிக்காரனை அடிக்க முடியாது. எங்கள் ஊரில் அவனுக்கு முகம் கிடையாது, பிடித்து உலுக்கச் சட்டைக் காலர் கிடையாது. கோபம் வந்தால் கைக்கு எட்டுகிறவனைத்தான் அடிக்க வேண்டியிருக்கிறது. நான் அடித்தேன். திருத்துறைப்பூண்டியில் செல்போன் கடை வைத்திருந்த பாயை, ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கடைத்தெருவே பார்க்க அடித்தேன். இத்தனை வருஷமாக இதை யாரிடமும் சொல்லாததற்கு வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. நெல் அறுக்கும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்காது. பஸ்ஸில் காலை மிதித்தவன், டீக்கடையில் முறைத்தவன், வரப்பில் வண்டியை விட்டதற்குச் சத்தம் போட்டவன் என்று யாரையாவது அறைந்துவிட்டு வருவேன். அண்ணன்தான் பின்னாலேயே போய் மன்னிப்புக் கேட்பான். அவன் அரபு நாட்டுக்கு வேலைக்குப் போனபிறகு எனக்காக மன்னிப்புக் கேட்க ஆளில்லை.

அவன் கிளம்பிய அன்று பெட்டியில் இடம் போதாமல், கைலி, துண்டு, ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் பாய் கடைக் கட்டைப்பை ஒன்றில் திணித்துக்கொண்டான். கடைப் பெயரும் போன் நம்பரும் பச்சை எழுத்தில் அச்சடித்த பை. “பிளைட்ல போறவன் இதத் தூக்கிட்டா போவான், மானம் போவுது” என்றேன். “நம்ம ஊரு பேரு இருக்குல்ல, இருக்கட்டும்” என்றான். பாயும் ஒரு காலத்தில் பன்னிரண்டு வருஷம் அங்கே தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் புதுக் கம்பெனி வந்தது. பேசுவது ஓசி, படம் பார்ப்பது ஓசி. சிம் வாங்க பாய் கடை வாசலில் நின்ற வரிசையில் இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. ஒன்றை உடைத்தது நான், குறுக்கே புகுந்தான் என்று. பழைய கம்பெனியின் கடையைப் பூட்டியபோது அதன் பலகையைக் கல்லால் அடித்து நொறுக்கினோம். அந்தக் கம்பெனி எங்களுக்கு என்ன கெடுதல் செய்தது என்று கேட்டால் இன்றைக்கும் பதில் கிடையாது. ஜெயிக்கிற பக்கம் நிற்கிறோம் என்பதில் ஒரு திமிர், அவ்வளவுதான்.

புதுக் கம்பெனியையும் நாங்கள் நம்பவில்லை. “இன்னிக்கு ஓசில குடுப்பான், நாளைக்குத் தோல உரிப்பான்” என்று டீக்கடையில் எல்லோரும் சொல்வோம். சொல்லிக்கொண்டே படம் பார்ப்போம். ஓசி முடிந்ததும் நான் என் பெயரிலேயே இன்னொரு சிம் வாங்குவேன், பழையதை ஒடித்து வாய்க்காலில் எறிவேன். கம்பெனிக்காரனையே ஏய்த்துவிட்டோம் என்று அப்படி ஒரு சந்தோஷம். ஓர் ஆளுக்கு இத்தனை சிம்தான் என்று கம்பெனி வைத்திருந்த கணக்கு என் பெயரில் முடிந்துபோனதே எனக்குத் தெரியாது.

அது தெரிந்தது அம்மாவைக் கடைக்கு அழைத்துப் போன அன்று. பழைய கம்பெனி டவரையே கழற்றிவிட்டதால் அம்மாவின் பழைய நம்பரைப் புதுக் கம்பெனிக்கு மாற்ற வேண்டியிருந்தது. பாய் ரேகை மெஷினை நீட்டினார். அம்மா பெருவிரலை வைத்தாள். சிவப்பு விளக்கு. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தாள். பதினோரு வயதிலிருந்து நாற்றுப் பறித்த கை, நடவு நட்ட கை. சேற்றுப்புண்ணில் தோல் உரிந்து உரிந்து விரல் நுனி வழவழவென்று கண்ணாடியாக இருந்தது. எங்கள் தெருவில் நடவுக்குப் போகிற பெண்கள் பாதிப் பேருக்கு இதே கதிதான்.

“அப்ப என் பேர்ல போடுங்க பாய்” என்றேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஒங்க பேர்ல இனிமே எடமில்ல தம்பி. எத்தன சிம்முதான் வாங்குவீங்க?” அம்மா வழவழத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “அப்ப நான் ஆளே இல்லயா பாய்?” என்று கேட்டாள். பாய் மெஷினைத் தன் பக்கம் திருப்பித் தன் பெருவிரலை வைத்தார். பச்சை விளக்கு. அப்படித்தான் எங்கள் தெருவில் எட்டுப் பெண்களின் நம்பர் அவர் விரலில் ஓடியது. செய்யக் கூடாத காரியம்தான். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

பிறகு அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் வேலை பார்த்த இடத்தில் ஏழு மாதம் சம்பளமில்லை. பாஸ்போர்ட் முதலாளி கையில். ஓடிப்போய் வேறு வேலை பார்த்தவனைப் பிடித்து, ஊருக்குத் திருப்பி அனுப்பும் முகாமில் அடைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் ஒருதடவை பேச விடுவார்கள். அம்மாவின் நம்பருக்குக் கூப்பிடுவான்.

“அடிக்கிறாங்களாடா?” என்று அம்மா எடுத்த எடுப்பில் கேட்பாள்.

“அதெல்லாம் இல்லம்மா.” அவன் குரல் அப்படிச் சொல்லவில்லை. மூக்கில் அடிபட்டவன் பேசுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் எத்தனை மூக்கைப் பார்த்தவன். “அடுத்த வெள்ளி பேசறப்ப எந்த ஊரு பிளைட்டு, என்னிக்குன்னு தெரிஞ்சிடும். போனப் புடுங்கிட்டாங்க. மனப்பாடமாத் தெரிஞ்சது ஒன் நம்பர் ஒண்ணுதாம்மா. போனக் கீழ வெச்சிடாத.”

அம்மா வைக்கவில்லை. ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு நடவு நட்டாள், சோறாக்கினாள். புதன்கிழமை காலையில் எடுத்துப் பார்த்தால் போன் செத்துக் கிடந்தது. சிக்னல் கோடே இல்லை. எட்டுப் பெண்களின் போனும் அதேபோல். கஸ்டமர் கேருக்கு என் போனிலிருந்து அடித்தேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு பெண் குரல் தேனாகப் பேசியது. ஒரு மணி நேரம் அமுக்கினேன். மனுஷன் ஒருத்தன் வந்து பேசவில்லை. போனைச் சுவரில் எறிந்தேன்.

வியாழக்கிழமை எட்டு வீட்டு ஆம்பளைகளும் கிளம்பினோம். உருட்டுக்கட்டை இருந்தது, மெஷினில் கிடந்த ஸ்பேனர் இருந்தது. தூரத்தில் எங்களைப் பார்த்ததுமே பாய் ஷட்டரை இறக்க ஆரம்பித்தார். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. கண்ணாடி ஷோகேஸ் முதல் அடியில் போனது. போன் கவர்களும் சார்ஜர்களும் ரோட்டில் சிதறின. கம்பெனியின் பெரிய பிளாஸ்டிக் பலகையை ஒருத்தன் கட்டையால் குத்தினான், அது வளைந்து கொடுத்ததே தவிர உடையவில்லை. ஒருத்தன் பாயின் மார்க்கத்தை இழுத்து அசிங்கமாகப் பேசினான். நான் தடுக்கவில்லை. தடுக்காதது நான் அடித்ததைவிடக் கேவலம்.

நான் அவரை முகத்தில் இரண்டு அறை விட்டேன். வயதில் என் அப்பனுக்குச் சமமான மனுஷன். தொப்பி விழுந்தது. “எங்கண்ணன் அங்க சாவுறான்டா, போன ஏன்டா நிறுத்துன?”

“தம்பி, இருங்க, இருங்க. நான் நிறுத்தல. மெஷின எடுத்தாறேன், இருங்க” என்று சொல்லிக்கொண்டே அவர் குனிந்தார். பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் வலது கையை உள்ளே விட்டுத் துழாவினார். உள்ளே புகுந்து தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். காலைத் தூக்கி ஷட்டரை ஓங்கி மிதித்தேன்.

அந்தச் சத்தம் வேண்டாம். சொல்ல மாட்டேன்.

ஷட்டரை மேலே தூக்கியபோது அவர் கையோடு ரேகை மெஷினும் நசுங்கி வந்தது. பெருவிரல் பெருவிரலாக இல்லை. கையை வயிற்றில் அணைத்துக்கொண்டு அவர் தரையில் உட்கார்ந்தார். அதுவரை என்னை நீங்க, வாங்க என்று பேசியவர் அப்போதுதான் மாறினார்.

“எட்டு பேருக்கும் நாந்தானடா வெரல் வெச்சேன். மறுபடி நான் வெச்சாத்தானடா தொறக்கும். அதுக்குத்தானடா மெஷின எடுத்தேன். ரெண்டு மாசமா மெசேஜ் வந்திருக்குமே, திரும்ப ரேகை வைக்கணும்னு. ஒருத்தராவது வந்து சொன்னீங்களாடா பாவிங்களா?”

மெசேஜ் வந்திருந்தது. அம்மா இரண்டு மூன்று தடவை என்னிடம் நீட்டினாள், “என்னமோ இங்கிலீஷ்ல வந்திருக்கு, பாருடா” என்று. நான் பார்க்காமலேயே, “கம்பெனிக்காரன் வெளம்பரம்மா, அவனுக்கு வேற வேல இல்ல” என்று அழித்தேன். கம்பெனி சொல்கிற எதையும் நம்பாத பெரிய அறிவாளி அல்லவா நான்.

கூட்டம் எப்போது கலைந்தது என்று தெரியவில்லை. பாயை அவர் மச்சினர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போலீஸ் வந்து கேட்டபோது, ஷட்டர் தானாக விழுந்தது என்று பாய் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மாவை ஏற்றிக்கொண்டு திருவாரூரில் கம்பெனியின் சொந்த ஷோரூமுக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி. உள்ளே நுழைவதற்கு முன்னால் நானும் அம்மாவும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டோம். யாரும் கழற்றச் சொல்லவில்லை. முந்தின நாள் ஒரு மனுஷன் கையை மிதித்த அதே காலை வெறுங்காலாக வைத்துக்கொண்டு, டை கட்டிய சின்னப் பெண் முன்னால் கைகட்டி நின்றேன். “மேடம், கொஞ்சம் பாருங்க மேடம்” என்றேன். எனக்கு அப்படியெல்லாம் பேச வரும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

“யார் ரேகையில வாங்குனீங்களோ அவங்களே வரணும் சார்” என்றாள். அம்மா பத்து விரலையும் மறுபடி வைத்துக் காட்டினாள். பத்தும் சிவப்பு. “புது நம்பர் வேணா வேற யார் பேர்லயாவது வாங்கிக்குங்க. ஆஃபர் இருக்கு.”

புது நம்பரை வைத்து என்ன செய்ய? அவன் தலையில் இருப்பது பழைய நம்பர். அண்ணன் கூப்பிடுகிற நேரம் வந்தபோது நாங்கள் ஷோரூம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தோம். அம்மா செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, “சொல்லுய்யா, சொல்லு” என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். எனக்கு அந்தக் கண்ணாடிக் கதவை உடைக்க வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசலில் பைக் வந்து நின்றது. பாயின் மச்சினர் ஓட்டிவந்தார், பின்னால் பாய். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போகத் திரும்பினேன்.

“அக்கா, ஒங்க மவன் பேசுனாரு” என்றார் பாய் இறங்குவதற்குள்ளாகவே. “ஒங்க நம்பர் போவலயாம். ஊருக்கு அனுப்பறாங்கன்னு இன்னிக்கு இன்னொருதரம் பேச விட்டாங்களாம், கட்டைப்பைல கட நம்பரப் பாத்துட்டு எனக்கு அடிச்சாரு. நாளைக்குக் காலைல திருச்சிக்கு வர்றாரு. நல்லாருக்காரு, அழாதீங்க.”

அம்மா அந்தக் கட்டுப்போட்ட கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “யாரு பண்ணுனதுன்னு எனக்குத் தெரியும் பாய்” என்றாள்.

“ஷட்டர் விழுந்துடுச்சுக்கா. இரும்புதானே, அதுக்கென்ன தெரியும்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். கையில் கிடைத்தது விளக்குமாறு. அது பிய்கிற வரைக்கும் அடித்தாள், பிறகு கையாலேயே அடித்தாள், முகத்தில், காதில், கழுத்தில். எந்த மெஷினும் ஆள் என்று ஒத்துக்கொள்ளாத கை அது. நான் தடுக்கவில்லை. கடைசியில் பாய்தான் இடது கையால் என்னைத் தன் பக்கம் இழுத்தார். “விடுங்கக்கா. காலைல ஏர்போர்ட் போவணும் இவரு.” மறுபடி ‘இவரு’ என்றார். அந்த மரியாதை அம்மாவின் அடியைவிட வலித்தது.

பின்னால் பாயின் கடையைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அடுத்தவருக்கு விரல் வைத்த குற்றம் என்று ஒரே ஒரு மெசேஜ். நாங்கள் எட்டு வீடும் இன்றைக்கும் அதே கம்பெனியில்தான் இருக்கிறோம். வேறு டவர் எங்கள் பக்கம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம்.

திங்கட்கிழமை காலையில் திருச்சி விமான நிலையத்தில் அண்ணன் வெளியே வந்தான். பாதி ஆளாகியிருந்தான், மூக்கு ஒரு பக்கம் கோணியிருந்தது. பெட்டி இல்லை. கையில் அந்தக் கட்டைப்பை மட்டும், பச்சை எழுத்து பாதி அழிந்து. இரவல் கேட்டு எடுத்துவந்த காரில் ஏறியதும், “அந்த மனுஷன் இல்லன்னா நான் வந்த சேதியே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுடா. மொதல்ல பாய் கடைக்கு விடு, அவரப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு” என்றான்.

தஞ்சாவூர் வந்தது, போனது. மன்னார்குடி தாண்டியபிறகுதான் எனக்கு வாய் திறந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், ஷட்டரை மிதித்ததையும் சேர்த்து. அடிப்பான் என்று கன்னத்தைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அவன் அடிக்கவில்லை. “வண்டிய நிறுத்து” என்றான். நிறுத்தினேன். கட்டைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினான், கதவை மெதுவாகச் சாத்தினான், பின்னால் வந்த டவுன் பஸ்ஸுக்குக் கை காட்டினான். பாயிடம் எனக்காக மன்னிப்புக் கேட்க அவன் தனியாகத்தான் போனான்.